நரியின் ஊளையும் நம் கோடை வயல்களும்

விலங்குகளுள் மக்கள் வாயிற் பெரிதும் பழிக்கப்படுவது நரியே. வஞ்சகனை நரி என்கிறோம். தந்திரத்தை நரித்தனம் என்கிறோம். ஆயினும், வழிப்போக்கில் எதிர்பாராத நன்மை எய்தினானைக் கண்டு, ‘நரி முகத்தில் விழித்தாயோ?’ என்று கேட்பவரும் நாமே. இங்ஙனம் பழிப்பும் மங்கலமும் ஒருங்கே பெற்ற இவ்விலங்கினைத் தமிழ்நாட்டு வயல்வெளிகளில் மக்கள் குரலால் அழைத்து வேட்டையாடி வந்தனர். அவ்வழைப்பு யாது, அது நரியை எங்ஙனம் ஈர்க்கின்றது, அவ்வேட்டையால் விளைந்தது என்ன, இனி அக்கலையை எதற்குப் பயன்படுத்தலாம் என்பவற்றைத் திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

பெயரும் இனமும்

முதற்கண் நரி என்பது எது எனத் தெளிதல் வேண்டும். நம் நாட்டிற் பொதுவாக நரி எனப்படுவது நாயினத்தைச் சார்ந்த பொன்னிற நரி. இது ஏறக்குறைய 8 முதல் 11 கிலோ எடையுடையது. இணையாகவும் சிறு குடும்பமாகவும் வாழ்வது. அந்தியிலும் விடியலிலும் கூடி ஊளையிடுவது. குள்ளநரி எனப் பலரும் வழங்கும் மற்றொன்று இதனினும் மிகச் சிறியது. எடை பெரும்பாலும் 4 கிலோவுக்கு மேற்படாது. வால் நுனி கறுத்திருக்கும். அது வேறு இனம். ஊர் வழக்கில் இரு பெயரும் ஒன்றற்கொன்று மாறி வழங்குதலால் வழக்காடுவோரும் செய்தி எழுதுவோரும் அடிக்கடி மயங்குகின்றனர். இக்கட்டுரையில் நரி என்றது பொன்னிற நரியையே.

நரிக்குத் தமிழிற் பல பெயர்கள் உள. ஓரி, இகலன், சம்பு, கோமாயு என்பன அவற்றுட் சில. அகராதிகள் தரும் இன்னொரு பெயர் ஊளன் என்பது. இப்பெயரை யாம் பெரிதும் போற்றுகின்றோம். என்னை? விலங்கின் நிறத்தையோ உருவத்தையோ நோக்காது, அதன் குரலை நோக்கி இட்ட பெயர் அது. அமெரிக்கப் புல்வெளிகளில் நரிக்கு ஒப்பாக வாழும் கோயோட்டு என்னும் விலங்கிற்கு அறிவியலார் இட்ட இலத்தீன் பெயரின் பொருளும் ‘குரைக்கும் நாய்’ என்பதே. கடல் கடந்த இரு நிலத்தாரும் இவ்வினத்தைச் செவியாலேயே அறிந்து பெயரிட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது.

நூல்களில் நரி

தொல்காப்பிய மரபியல் நரியின் இளமைப் பெயரைக் குருளை என வகுத்துரைக்கின்றது. நாய், பன்றி, புலி, முயல் என்பவற்றோடு நரியையும் அது சேர்த்தெண்ணுகின்றது. மணிமேகலையிற் சக்கரவாளக் கோட்டத்தை விளக்கும் பகுதியில், இடுகாட்டின் இரவொலிகளுள் ஒன்றாக நரியின் கூவல் ஒலிக்கின்றது.

கதைகளுள் இரண்டு நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டற்பாலன. ஒன்று, மாணிக்கவாசகர் பொருட்டு இறைவன் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல். அப்பரிகள் இரவில் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டபோதே பாண்டியனது கொட்டிலில் நின்றவை குதிரைகளல்ல என்பது வெளிப்பட்டது. மற்றொன்று, பஞ்சதந்திரத்து நீலநரி. சாயத் தொட்டியில் வீழ்ந்து நிறம் மாறி அரசு வீற்றிருந்த அந்நரி, தொலைவில் தன் இனம் ஊளையிடக் கேட்டுத் தானும் ஊளையிட்டது, உண்மை வெளிப்பட்டது. நரியை வஞ்சகத்திற்கு உவமையாக்கிய கதைகளே, அதன் குரல் மட்டும் பொய்யறியாதது என்று ஒப்புக்கொள்கின்றன. வேடன் பற்றிக்கொண்டதும் இவ்வுண்மையையே. பின்னர் இதனை விரிப்போம்.

திருமறையிலும் நரி வயலோடு தொடர்புற்றே வருகின்றது. நியாயாதிபதிகள் ஆகமத்தில் சிம்சோன் முந்நூறு நரிகளைப் பிடித்துப் பெலிஸ்தரின் விளைச்சலுக்குத் தீயிட்டது கோதுமை அறுப்புக் காலத்தில். அவ்விடத்து எபிரேயச் சொல் நரியையும் குள்ளநரியையும் ஒருங்கே குறிக்கும் என்றும், கூட்டமாக வாழும் நரியே அங்குப் பொருந்தும் என்றும் உரையாசிரியர் பலர் கருதுவர். உன்னதப்பாட்டிலோ நரிகள் திராட்சத்தோட்டத்தைக் கெடுப்பனவாகப் பேசப்படுகின்றன. சிறுமலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டக்காரருக்கு இதன் பொருளை விளக்கவேண்டுவதில்லை.

நிலமும் பருவமும்

தெற்கே சிறுமலையும் மேற்கே பழனிமலைத் தொடரும் நிற்க, இடையே பரந்தது திண்டுக்கல் சமவெளி. குடகனாறு இதனூடு வடக்கு நோக்கி ஓடி அமராவதியிற் கலக்கின்றது. நிலத்தின் பெரும்பகுதி மானாவாரி. சோளமும் நிலக்கடலையும் பயறும் வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைவன. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் முருங்கையும் காய்கறியும் மக்காச்சோளமும் பூச்செடிகளும் நிற்கும்.

பங்குனி பிறந்தபின் மானாவாரி நிலங்கள் வெறிச்சோடுகின்றன. பயிர் மறைவு நீங்கவே நரி பகலில் ஓடைக்கரைப் புதரிலும், கண்மாய்க்குள் வளர்ந்த சீமைக்கருவேல அடர்விலும், கற்பாறை இடுக்கிலும் ஒதுங்குகின்றது. இரவில் நீரையும் இரையையும் தேடிப் பாசன வயல்களை அடைகின்றது. இதே பருவத்தில்தான் வெற்று நிலங்களில் உரத்திற்காக ஆட்டுக்கிடை போடுவர். ஆக, இரை குறைந்த நரியும் திறந்தவெளியில் அடைந்த ஆடும் ஒரே நிலத்தில் இரவைக் கழிக்க நேர்கின்றது. ‘நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும்’ என்னும் பழமொழி இத்தகைய கோடை இரவுகளை அறிந்தார் வாக்கேயாகும். குருளைகளைப் பேணும் இணைகள் இருப்பின் இரைத் தேவை மேலும் மிகும்.

அழைப்பின் இயல்பு

நரி ஏன் ஊளையிடுகின்றது? இணை பிரிந்து இரை தேடுங்கால் தான் நிற்கும் இடத்தைத் துணைக்கு அறிவித்தல் ஒன்று. இந்நிலம் எம்முடையது என அயற்குடும்பத்திற்கு உணர்த்துதல் மற்றொன்று. ஒரு குடும்பம் தொடங்கினால் அடுத்தது விடை கூறும். அதற்கு மற்றொன்று விடை கூறும். இங்ஙனம் சில நிமிடங்களில் ஒரு வட்டாரம் முழுதும் தன் எல்லையைத் தானே பறைசாற்றிவிடும்.

அக்குரல் நெடுந்தொலைவு கேட்பதற்கும் காரணம் உண்டு. பகலில் தரை சுடுதலால் தரையை அடுத்த காற்று வெப்பமுற்று, ஒலி மேல்நோக்கி வளைந்து சிதறுகின்றது. கதிர் மறைந்து தரை குளிர்ந்தபின், கீழே குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றும் நிற்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நிலத்தையொட்டியே செல்கின்றது. காற்றடங்கிய கோடை முன்னிரவில் தொலைவிலுள்ள நரி அண்மையிற் கூவுவதுபோலத் தோன்றுவது இதனாலேயே.

அழைத்து வேட்டையாடுவோர் இரண்டு குரல்களைக் கைக்கொண்டனர். ஒன்று நரியின் ஊளையே. அதனைக் கேட்ட நரி, தன் எல்லையுட் புகுந்தவன் யாவன் என அறிய வரும். அல்லது துணையென எண்ணி வரும். மற்றொன்று அடிபட்ட முயல் முதலிய சிற்றுயிர்களின் கீச்சுக்குரல். அதனைக் கேட்ட நரி எளிய இரை கிடைத்ததென்று வரும். அமெரிக்காவில் கோயோட்டு வேட்டையாடுவோரும் இவ்விரு குரல்களையே ஊதுகுழலாலும் ஒலிப்பதிவுக் கருவியாலும் எழுப்புகின்றனர். ஆயினும், நரி நேரே வந்துவிடுவதில்லை. சுற்றிவந்து காற்று தன்னை நோக்கி வீசும் பக்கத்தை அடைந்து, மோப்பத்தால் ஐயந்தீர்ந்த பின்னரே நெருங்கும். செவி ஏமாறினும் மூக்கு எளிதில் ஏமாறாது. ஆதலின் காற்றின் திசையறிந்து மறைந்திருப்பதே இவ்வேட்டையின் முதற்பாடம்.

வேட்டையின் வகைகள்

தமிழ்நாட்டில் இக்கலையிற் கைதேர்ந்தோர் நரிக்குறவர் எனவும் குருவிக்காரர் எனவும் வழங்கப்பெறும் மக்கள். வாக்ரிபோலி என்னும் மொழியைப் பேசும் இவர்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் எழுதியுள்ளார். கருவி எதுவுமின்றித் தொண்டை ஒன்றாலேயே நரியை அழைத்து, வலையில் வீழ்த்தித் தடியால் அடித்தல் இவர்களது பழைய முறை. இறைச்சியை உண்டனர், தோலையும் பல்லையும் விற்றனர். நரிக்கொம்பு என ஒன்றை விற்பதும் உண்டு. நரிக்குக் கொம்பில்லை என்பது அறிவுடையார்க்குத் தெரியும். ஆயினும் அதனை வாங்கி வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என நம்பிக் காசு கொடுத்தோர் ஊரிலுள்ள நாமேயன்றி வேறு யார்? விற்றவனை மட்டும் நகைத்து, வாங்கியவனை மறத்தல் நேர்மையன்று.

இதனின் வேறான இரு முறைகளையும் ஒப்புநோக்குக. நீலகிரியில் ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் தம் நாட்டு நரிவேட்டையை நினைவுகூர்ந்து, சீமை வேட்டைநாய்களை வருவித்துக் குதிரைமேலேறி நரியைத் துரத்தினர். அது பசிக்காகச் செய்ததன்று, பொழுதுபோக்கு. சேலம் மாவட்டத்து வாழப்பாடியை அடுத்த சின்னமநாயக்கன்பாளையம் முதலிய சிற்றூர்களில், பொங்கலையொட்டி வங்காநரி எனப்படும் குள்ளநரியை வலையிட்டுப் பிடித்து, ஊரில் ஓடவிட்டுப் பின்னர் காட்டில் விடும் வழக்கம் இருந்து வந்தது. நரி முகத்தில் விழித்தால் நலம் விளையும் என்னும் நம்பிக்கையே அதன் வேர். வனத்துறையினர் இதனைத் தடுத்துத் தண்டமும் விதித்துள்ளனர்.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்கு அகன்ற பொருள் கூறுகின்றது. கொல்லுதல் மட்டுமன்று; பிடித்தல், நஞ்சிடுதல், கண்ணி வைத்தல், துரத்துதல், இரை காட்டி ஈர்த்தல் யாவும் வேட்டையே. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் நரி முதற்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆதலின் விளையாட்டாகவும் ஒருவன் நரியை அழைத்துப் பிடித்தல் ஆகாது.

எனினும் சட்டம் வந்ததனால் கொலை ஓய்ந்தபாடில்லை. அதன் உருவமே மாறிற்று. தொண்டையும் வலையும் நீங்கிய இடத்தில் அவுட்டுக்காய் புகுந்தது. இறைச்சிக்குள் வெடிமருந்தை வைத்துக் காட்டில் இடுவது அது. கடித்த விலங்கின் வாய் சிதறும். 2021-ஆம் ஆண்டு சனவரியில் திருச்சிராப்பள்ளியை அடுத்த ஜீயபுரத்தில் இவ்வாறு ஒரு நரியைக் கொன்றதாகப் பன்னிருவர் பிடிபட்டனர். அழைப்பவன் தான் அழைத்த விலங்கை எதிரே கண்டான். அவுட்டுக்காய் வைப்பவனோ எதனைக் கொல்கின்றோம் என்பதையும் அறியான். நரிக்கு வைத்ததை நாயும் கடிக்கும், மாடும் மோந்து வாய்வைக்கும், சிறுவரும் கையிலெடுப்பர்.

உழவர்க்குத் தீமையும் நன்மையும்

நரியால் உழவர்க்கு இழப்பே இல்லை என்று கூறுவது உண்மையாகாது. அது குட்டி ஆட்டைத் தூக்கும், கோழியைக் கவரும், மக்காச்சோளக் கதிரையும் தர்ப்பூசணியையும் கடிக்கும். ஓரிரு ஆடுகளே உடைமையாகக் கொண்ட ஏழைக் கைம்பெண்ணுக்கு ஒரு குட்டியின் இழப்பு ஓராண்டுச் சேமிப்பின் இழப்பாகும். அவ்விழப்பைச் சிறிதென்று நகரத்தார் கூறுதல் தகாது.

ஆயினும் தராசின் மற்றத் தட்டையும் நோக்கவேண்டும். நரியின் உணவிற் பெரும்பங்கு எலி முதலிய சிறு கொறிவிலங்குகள். வயலெலியும் வெள்ளெலியும் வரப்பைத் துளைத்து நீரை வடியச் செய்வதோடு, கதிரை அறுத்து வளைக்குள் சேமிப்பன. இரவெல்லாம் வரப்போரம் திரிந்து அவற்றைத் தின்பதற்கு நரி கூலி கேட்பதில்லை. இறந்த கால்நடையின் உடலைத் தின்று ஊர்ப்புறத்தைத் தூய்மை செய்வதும் அதன் தொழில். இலந்தை முதலிய கனிகளைத் தின்று விதைகளைத் தொலைவிற் பரப்புவதும் அதுவே. வயநாட்டுக் காப்பித் தோட்டங்களில் நரி பழுத்த கனிகளையே தேர்ந்துண்ணும் என்பதால், அதன் எச்சத்திற் கிடைத்த காப்பிக்கொட்டையைச் சிறந்ததெனக் கொண்டனர் என்றும் பழைய விலங்கியல் நூலார் எழுதியுள்ளனர்.

கொன்றே குறைத்துவிடலாம் என்பார்க்குக் கோயோட்டின் வரலாறு தக்க விடையாகும். அமெரிக்க அரசின் துறையொன்றே ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான கோயோட்டுகளைக் கொன்று வந்துள்ளது. அவை அழியவில்லை, முன்னர் மேற்குப் புல்வெளிகளில் இருந்தவை 20-ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கடற்கரை வரை பரவின. ஓர் எல்லையைக் காத்துவந்த இணை இறந்தால் அவ்விடத்தை இளையவை நிரப்புகின்றன. ஆராய்ச்சியாளர் மற்றொன்றும் கண்டனர்: குட்டியில்லாத இணைகளைவிடக் குட்டிகளுக்கு உணவு தேடும் இணைகளே செம்மறிக் குட்டிகளை மிகுதியாகக் கொல்கின்றன. ஆகவே கண்டதையெல்லாம் சுடுவதனால் ஆட்டுக்காரர் துயர் தீர்ந்துவிடும் எனக் கொள்வதற்கில்லை.

நம் சமவெளியில் நிலைமை வேறு. இங்கு நரி கோயோட்டைப்போல் பரவக் காணோம். ஓடைகள் மனைகளாகின்றன; நெடுஞ்சாலைகளில் வண்டிகள் இரவிலும் ஓய்வதில்லை; தெருநாய்கள் பெருகி வெறிநோயையும் பிற நோய்களையும் காட்டு விலங்குகளுக்குப் பரப்புகின்றன. சிற்றூர் முதியோரைக் கேட்டால், தம் இளமையில் ஊளை கேளாத இரவில்லை என்பர். அவர் பேரர்களாகிய எம்மனோர் பலர், நரியின் ஊளையையும் நாயின் ஊளையையும் வேறு பிரித்தறிய மாட்டோம்.

செய்யத்தக்கது யாது?

முதலாவது, காவல். குட்டிகளை இரவில் மூங்கிற் கூண்டில் அடைத்தல், கோழியைப் பஞ்சாரத்தால் மூடுதல், கிடையைப் புதரோரத்தினின்று விலக்கி வெட்டவெளியில் அமைத்தல், காவல் நாயும் விளக்கும் வைத்தல் ஆகியன நம் ஆட்டுக்காரர் நெடுங்காலமாக அறிந்தவை. செத்த கோழியையும் கழிவிறைச்சியையும் வெளியில் எறியாது புதைத்தால் நரியை ஊருக்குள் அழைக்கும் காரணமொன்று நீங்கும். பகலில் அச்சமின்றி மனிதரை நெருங்கும் நரி வெறிநோயுற்றதாக இருக்கலாம். அதனை அணுகாது வனத்துறைக்கு அறிவிக்கவேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவமனை சேரவேண்டும்.

இரண்டாவது, கணக்கு. கிரீஸ், ஹங்கேரி முதலிய நாடுகளில் ஆராய்ச்சியாளர் நரியின் ஊளையை ஒலிபரப்பி, வரும் விடைகளைக் கொண்டு குடும்பங்களை எண்ணுகின்றனர். வேடனது கலையே ஈண்டு அறிஞனது கருவியாயிற்று. ஒலிபரப்பி அழைப்பதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும்; ஆனால் வாளா இருந்து கேட்பதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. எம் போன்ற மாணவர் செய்யக்கூடிய முறை எளிது. மூவர், ஒருவர்க்கொருவர் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், மூன்று மேட்டிடங்களில் கதிர் மறைவின் பின் ஒருமணி நேரம் அமர்க. ஊளை கேட்டதும் ஒவ்வொருவரும் நேரத்தையும், திசைகாட்டி காட்டும் திசையையும் குறிக்க. பின்னர் வரைபடத்தில் மூன்று கோடுகளை இழுத்தால், அவை கூடுமிடமே அக்குடும்பம் நின்ற இடம். காற்றடங்கிய பல இரவுகள் இங்ஙனம் செய்தால் ஒரு வட்டாரத்தின் நரிக்குடும்பங்கள் எத்தனை என்பது ஒருவாறு புலப்படும். நாயின் ஊளை பெரும்பாலும் ஒரே நீட்சியாக இழுபடும். நரியினது படிப்படியாக மேலேறி, முடிவில் விட்டுவிட்ட சிறு கூவல்களாக உடையும். பலவும் உடனே சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, யாம் தலையாயதாகக் கருதுவது, ஆசிரியரைத் தேடுதல். நரியின் பலவகைக் குரல்களையும் வேறுபிரித்தறியும் செவியும், அவற்றை எழுப்பும் தொண்டையும் உடைய முதியோர் நரிக்குறவருள் இன்றும் உளர். அவர்தம் மக்கள் ஊசியும் மணியும் விற்கின்றனர், பள்ளி செல்கின்றனர். 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அம்மக்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கும் சட்டத்தை நிறைவேற்றியது. உரிமை தாளில் வந்தது. மதிப்பு நம் உள்ளத்தில் வரவேண்டும். வேட்டை குற்றமாயிற்று என்பதனால் வேடனது அறிவும் குற்றமாகிவிடாது. கல்லூரிகளும் வனத்துறையும் அம்முதியோரைக் கூலி கொடுத்து அழைத்து, மாணவர்க்குக் கேட்கக் கற்பிக்கச் செய்தால், அழியும் கலையும் பிழைக்கும்; அதனை உடையாரும் மதிக்கப்பெறுவர்; நரியும் எண்ணப்படும். ஒருவர் இறந்தால் அவரோடு அக்குரல் நூலகமும் மறையும் என்பதை மறவாதிருப்போமாக.

முடிவுரை

பாண்டியன் கொட்டிலிலும் நீலநரியின் அவையிலும் உண்மையை வெளிப்படுத்தியது ஊளையே என முன்னர்க் கண்டோம். இக்கதைகளில் நரி தன் ஊளையால் எவரையும் ஏமாற்றவில்லை. நரியின் குரலால் நரியையே ஏமாற்றியவன் மனிதன். ஆயின் வஞ்சகன் என்னும் பெயர் எவர்க்கு உரியது என்பதைக் கற்றோர் தாமே தீர்த்துக்கொள்க. பசிக்காக அழைத்தவரை யாம் குறைகூறவில்லை. பசி தீர வேறு வழி காட்டாத சமுதாயத்திற்கே அக்குறை சாரும். இனி அழைப்பது கொல்வதற்காகாமல், அறிவதற்காகுக. குடகனாற்றுக் கரையிலும் சிறுமலை அடிவாரத்திலும் கோடை முன்னிரவில் ஊளை எழுங்கால், கல்லெடுக்கும் கை எழுதுகோலை எடுக்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.